அந்தப் பென்சிலைத் தூக்கிப் போடுவதற்கு முன்

திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை, கோட்டைப் பக்கம் வீடு இருக்கிற நம்மவர்களில் பாதிப் பேருக்கு இப்போது ஒரே வேலைதான். அப்பா அம்மாவுக்கு மாடி ஏற முடியவில்லை, வீட்டைக் கொடுத்துவிட்டு ஃப்ளாட்டுக்குப் போகப் போகிறார்கள். பிள்ளை துபாயிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ இரண்டு வாரம் லீவு போட்டுக்கொண்டு போய்ப் பரணைக் காலி பண்ண வேண்டும். பத்திரம், நகை, போட்டோ ஆல்பம் முதலில் தனியாகப் போகும். பித்தளை அண்டாவுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் கூட "எனக்கு, உனக்கு" என்று சின்னதாக ஒரு போட்டி நடக்கும். மிச்சம் எல்லாம் ஆக்ரிக்காரருக்கு. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: காயலான் கடைக்காரர்.)

இந்த "மிச்சம் எல்லாம்" பற்றித்தான் இந்தப் பதிவு. அதிலும் குறிப்பாகக் கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் இலவசமாகக் கொடுத்த சாமான்கள்: பேர் அச்சடித்த பென்சில், காலண்டர், பனையோலை விசிறி, துணிப்பை, தீப்பெட்டி, சாவி வளையம். இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்ல வருகிறேன். "பழசு எல்லாம் அழகு" என்று கண்ணீர் விடுகிற கட்சி நான் இல்லை. திருவனந்தபுரத்தில் தமிழர்கள் கடை வைத்துப் பிழைத்தார்கள், தமிழில் வியாபாரம் செய்தார்கள் என்பதற்கு எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத சாட்சி அந்தக் குப்பையில்தான் இருக்கிறது. அதனால் சொல்கிறேன்.

பென்சிலில் ஆரம்பிக்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடித்தது அங்கேதான் :-)

நான் இருக்கிற அமெரிக்க நடுமேற்குப் பகுதியில், ஒரு பெரியவர் இறந்துபோனால் வீட்டுச் சாமான்களை வீட்டிலேயே விலை ஒட்டி விற்பார்கள். அந்த விற்பனைகளில் பெரும்பாலும் ஒரு பழைய காப்பி டப்பா நிறையப் பென்சில் இருக்கும். விதைக் கம்பெனி, தானியக் கிடங்கு, கால்நடைச் சந்தை, பாங்க், சவ அடக்கம் செய்கிற நிறுவனம், ஷெரீஃப் தேர்தலில் நின்ற யாரோ ஒருவர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பேர். "புல்லட் பென்சில்" என்று ஒரு வகை உண்டு. துப்பாக்கித் தோட்டா மாதிரி உலோக முனையில் குட்டிப் பென்சிலைச் செருகியிருப்பார்கள். எழுதாதபோது திருப்பி உறைக்குள் தள்ளிவிடலாம். சட்டைப் பையில் குத்தாது, முனையும் உடையாது. விவசாயிக்கு இதைவிட நல்ல அன்பளிப்பு என்ன இருக்கிறது? இவற்றைச் சேர்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மூடிப்போன ஊர்க் கிடங்கின் பேரையும் அதன் மூன்று இலக்கத் தொலைபேசி எண்ணையும் ஒரு பென்சிலில் பார்த்து, ஊர் வரலாற்றுச் சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்தச் சங்கமும் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. என்னை யோசிக்க வைத்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

பேர் போட்ட முதல் பென்சில்

பென்சில் எப்படி விளம்பரப் பலகை ஆனது என்பது சுவையான கதை. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் மலையில் சுத்தமான கிராஃபைட் கிடைத்தது. அதை அறுத்து மரத்தில் பொதித்தார்கள். பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை வந்து சரக்கு நின்றுபோனபோது, நிகோலா ஜாக் கான்டே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு குழைத்துச் சூளையில் சுடுகிற முறையைக் கண்டுபிடித்து 1795இல் காப்புரிமை வாங்கினார். இன்று உங்கள் பிள்ளை எழுதுகிற பென்சிலும் அதே முறையில் செய்ததுதான். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் கறுப்பு.

அதுவரை பென்சிலுக்குப் பேர் கிடையாது. கடைக்காரர் கொடுத்ததுதான் பென்சில். 1839இல் ஜெர்மனியில் ஃபேபர் குடும்பத்தின் தொழிலை ஏற்ற லோதார் ஃபேபர், தன் பென்சில் ஒவ்வொன்றிலும் கம்பெனிப் பேரைப் பொறிக்க ஆரம்பித்தார். பேர் வந்ததும் போலியும் வந்தது. அதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1874இல் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார். அடுத்த வருடமே வணிகச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. வணிகச் சின்னச் சட்டத்துக்கு ஒரு பென்சில்காரர் காரணமாக இருந்திருக்கிறார், பாருங்கள்.

அடுத்தது நிறம். அமெரிக்காவில் பென்சில் என்றால் மஞ்சள். அதற்குக் காரணம் நம் ஊர் வைரம்! ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஹார்ட்முத் கம்பெனி 1889இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு விலை உயர்ந்த பென்சிலைக் காட்டியது. கோல்கொண்டா பக்கத்திலிருந்து போய் பிரிட்டிஷ் அரசியின் கைக்குச் சேர்ந்த கோஹினூர் வைரத்தின் பேரையே அதற்கு வைத்தார்கள். மேலே மஞ்சள் பூச்சு, பல தடவை. பழைய நாளில் மட்டமான மரத்தை மறைக்கத்தான் பெயின்ட் அடிப்பார்கள் என்று வாங்குகிறவர்களுக்குச் சந்தேகம் இருந்தது. கோஹினூர் வந்து, பெயின்ட் அடித்த பென்சில்தான் உயர்ந்தது என்று ஆக்கிவிட்டது. மற்ற கம்பெனிகள் அந்த மஞ்சளைக் காப்பி அடித்தன. இன்றும் அடிக்கின்றன.

பென்சில் தனக்குத்தானே விளம்பரம் ஆன பிறகு, மற்றவர்களுக்கும் விளம்பரம் ஆவது இயல்பாக நடந்தது. அறுகோணப் பென்சிலின் ஒரு முகம் சில மில்லிமீட்டர்தான் அகலம். சூடு ஏற்றிய அச்சை மெல்லிய உலோகத் தாளின் மேல் வைத்து அழுத்தினால் எழுத்து பெயின்டுக்குள் அமுங்கிப் பதியும். நகத்தால் தடவினால் பள்ளம் தெரியும். அந்த ஒற்றை வரிக்குள் கடைப் பேர், என்ன கடை, எந்தத் தெரு, போன் நம்பர் எல்லாம் அடங்க வேண்டும். ஹைக்கூ எழுதுகிறவர்கள் இவர்களிடம் பாடம் படிக்கலாம்.

எந்தப் பக்கம் சீவுவது?

இந்த வடிவமைப்பில் ஒரு கண்ணி உண்டு. பென்சிலைச் சீவச் சீவ எழுத்தும் போகும். 1998 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்து டிகாண்டரோகா ஊரில் (அமெரிக்காவின் பிரபலமான பென்சிலுக்கும் இதே பேர்தான்) நடந்ததைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் போதை எதிர்ப்புப் பென்சில் கொடுத்தார்கள். "டூ கூல் டு டூ டிரக்ஸ்" என்று வாசகம். போதைப்பொருளைத் தொடாத அளவுக்கு நான் கெத்து என்று அர்த்தம். வாசகம் சீவுகிற முனையிலிருந்து ஆரம்பித்தது. நாலு நாள் சீவியதும் முதல் சொல் போய்விட்டது: "கூல் டு டூ டிரக்ஸ்". போதை எடுப்பது கெத்து! இன்னும் சீவினால் "டூ டிரக்ஸ்". எடு, ராஜா எடு! நான்காம் வகுப்புப் பையன் ஒருவன்தான் இதைக் கண்டுபிடித்தான். பென்சில்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வாசகத்தைத் தலைகீழாகத் திருப்பி அச்சடித்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. தமிழுக்கு இது நேர் எதிர். நம் மொழியில் "இல்லை", "வேண்டாம்", "-ஆதே" எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வரும். "புகை பிடிக்காதே" என்று அச்சடித்து, முதல் எழுத்தைச் சீவுகிற முனையில் வைத்தால் கடைசியில் "பிடிக்காதே" மிஞ்சும். ஆபத்தில்லை. அமெரிக்காவில் திருத்திய மாதிரி திருப்பி வைத்தீர்களோ, சீவச் சீவ "புகை பிடி" என்று வந்து நிற்கும்! அமெரிக்கக்காரர்களுக்குச் சரியான வழி தமிழனுக்குத் தப்பு. வடிவமைப்பு என்பது மொழிக்குள்ளிருந்து வர வேண்டும், வெளியூர் அச்சை அப்படியே கொண்டு வந்து ஒட்ட முடியாது என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் எனக்குத் தெரியாது. நம்மூரில் தமிழிலும் மலையாளத்திலும் சேர்த்து அச்சடித்த ஆட்கள் இந்த மாதிரிச் சிக்கல்களை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்க ஆசை. பார்க்க வேண்டுமானால் அந்தச் சாமான்கள் மிஞ்சியிருக்க வேண்டுமே!

நம்ம ஊர்க் கரி

"பென்சில் சேர்ப்பது எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கும் பென்சிலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிற மாமாக்கள் உண்டு. சம்பந்தம் இருக்கிறது, மாமா.

திருவனந்தபுரத்திலிருந்து வெகு தூரம் போக வேண்டாம். வெள்ளநாடு பக்கத்தில் ஒரு காலத்தில் கிராஃபைட் சுரங்கம் இருந்தது. லண்டன் மார்கன் குரூசிபிள் கம்பெனி அங்கே தோண்டியது. ஆழம் போகப் போகச் செலவு கட்டுப்படியாகாமல் 1912 வாக்கில் வேலை நின்றது. அதுவரைக்கும் இந்தியாவில் கிராஃபைட் என்றால் திருவிதாங்கூர்தான் முக்கியமான இடம். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கரி முக்கியமாகப் போனது பென்சிலுக்கு அல்ல, உலோகம் உருக்குகிற மூசை செய்வதற்கு. இலங்கையில் போகல, கஹட்டகஹா சுரங்கங்களின் கிராஃபைட் உலகப் புகழ் பெற்றது. இலங்கைத் தமிழ் நண்பர்கள் அதைக் "காரீயம்" என்கிறார்கள். மலையாளத்தில் காரீயம் என்றால் ஈயம். ஆங்கிலத்திலும் பென்சில் கரியை இன்றும் ஈயம் என்றுதான் சொல்கிறார்கள். மூன்று மொழிக்காரர்களும் ஒரே இடத்தில் குழம்பியிருக்கிறார்கள்.

பென்சில் தொழிலும் நமக்குப் புதிதல்ல. சென்னையில் வி. பெருமாள் செட்டி அண்டு சன்ஸ் நடத்திய மெட்ராஸ் பென்சில் ஃபேக்டரியின் பென்சிலால் எழுதிப் படித்த பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருந்திருக்கிறார்கள். பிறகு 1958இல் பம்பாயில் ஹிந்துஸ்தான் பென்சில்ஸ் ஆரம்பித்து, நம் எல்லாருடைய ஜியாமெட்ரி பாக்ஸிலும் நடராஜ் வந்து உட்கார்ந்தது. சிவப்பும் கறுப்புமாகப் பட்டை போட்ட அந்தப் பென்சிலில் ஆடுகிறவர் யார்? நம் தில்லைக்காரர்தானே! 1970இல் அதே கம்பெனி அப்சராவைக் கொண்டு வந்தது. இந்தியப் பென்சில்களுக்கு மரம் இப்போது காஷ்மீரத்தில் புல்வாமா மாவட்டத்து ஊக்கூ கிராமத்திலிருந்து போகிறது. அங்கே பாப்லர் மரத்தைப் பட்டை பட்டையாக அறுத்து அனுப்புகிறார்கள். ஒரு சாதாரணப் பென்சிலுக்குள் எத்தனை ஊர்!

இத்தனையும் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? பென்சில் சீவலைப் பாலில் ஊறப் போட்டால் ரப்பர் ஆகும் என்றும், மயிலிறகுக்குச் சீவலைத் தீனியாகப் போட்டால் குட்டி போடும் என்றும்தான் நமக்குத் தெரியும். (எனக்கு இன்னும் குட்டி போடவில்லை.)

காலண்டர் மாட்டிய ஆணி

விளம்பரச் சாமான் என்று வந்தால் திருவனந்தபுரத்துக்கு உலகத்துக்கே பாடம் எடுக்கிற தகுதி இருக்கிறது. ஸ்டேச்சூ ஜங்ஷனில் நிற்கிற சிலை யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூர் திவானாக இருந்த டி. மாதவராவ். கிளிமானூர் ராஜா ரவிவர்மாவிடம் "உங்கள் படங்களை அச்சடித்து நாடெங்கும் கொண்டு போகலாமே" என்று யோசனை சொன்னவர் இவர்தான். 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். சில வருடங்களில் நஷ்டம் தாங்காமல் அது ஜெர்மானியரான ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் கைக்குப் போனது. அவர் படத்தோடு விளம்பரத்தையும் சேர்த்து அச்சடித்தார். நம் வீட்டு லட்சுமியும் சரஸ்வதியும் சோப்புக் காலண்டரிலும் துணிக்கட்டு லேபிளிலும் தீப்பெட்டியிலும் ஏறியது இப்படித்தான். மூல ஓவியங்களை நேப்பியர் மியூசியம் வளாகத்தில் 1935இல் திறந்த ஸ்ரீ சித்ரா கலைக்கூடம் பத்திரமாக வைத்திருக்கிறது. காலண்டரை யார் வைத்திருக்கிறார்கள்? பாட்டி சாமி அறையில் சட்டம் போட்டு வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

தெற்கே வந்தால் கோவில்பட்டி. 1976இல் மறைந்த கொண்டையராஜு நாடகங்களுக்குத் திரை எழுதிப் பிழைத்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் லட்சக்கணக்கில் அச்சாகி, கீழே ஏதோ ஒரு ஜவுளிக்கடைப் பேரோடு நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்தன. கொண்டையராஜுவைப் பற்றி ஊன்றி ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஸ்டீபன் இங்கிலிஸ். கனடாக்காரர்! நமக்கு அது சாமி படம், கும்பிட்டோம், தேதி கிழித்தோம், ஜனவரி ஒன்றாம் தேதி புதுசை மாட்டினோம். அதை ஒரு மனிதன் உட்கார்ந்து வரைந்திருக்கிறான் என்று தோன்றவில்லை.

தேதி இல்லாததற்குத் தேதி கண்டுபிடிப்பது

சரி, இந்தக் குப்பையிலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? நிறைய. பென்சிலிலோ பையிலோ தேதி இருக்காது. ஆனால் பொய் சொல்லத் தெரியாத சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கும். திருவனந்தபுரத்துச் சாமானாக இருந்தால் நான் பார்க்கிற வரிசை இது:

1. விலை சக்கரத்திலோ பணத்திலோ போட்டிருந்தால் திருவிதாங்கூர் ராஜ்ய காலம். நயா பைசா என்றிருந்தால் 1957க்குப் பிறகு.

2. நாகர்கோவில் கடை "திருவிதாங்கூர்" என்று முகவரி போட்டிருந்தால் பழசு. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்தன. 1956 நவம்பர் 1ஆம் தேதி கேரளம் பிறந்தது, கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தது. ஒரே கடை, ஒரே தெரு, முகவரி மட்டும் மூன்று தடவை மாறியிருக்கும்.

3. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. முகவரியில் 695 என்று ஆரம்பிக்கிற எண் இருந்தால் அதற்குப் பிறகு.

4. பாங்க் கொடுத்ததா? "டிராவன்கூர் பாங்க்" என்றால் 1945க்கும் 1960க்கும் இடையில். "ஸ்டேட் பாங்க் ஆஃப் டிராவன்கூர்" என்றால் 1960க்கும் 2017க்கும் இடையில். 2017 ஏப்ரல் 1ஆம் தேதி அது ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவில் கரைந்துபோனது. அந்தப் பேர் இனி காலண்டரிலும் பென்சிலிலும் பாஸ்புக்கிலும்தான்.

5. ஆங்கிலத்தில் "டிரிவேண்ட்ரம்" என்பது 1991இல் அதிகாரபூர்வமாகத் "திருவனந்தபுரம்" ஆனது. (மக்கள் வாயில் இன்னும் ஆகவில்லை.) லேண்ட்லைன் எண்ணுக்கு முன்னால் 2 ஒட்டிக்கொண்டது 2000களின் தொடக்கத்தில்.

6. எழுத்து. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தமிழில் "லை", "ணை", "னை" எல்லாம் யானைத் துதிக்கை போலத் தலைக்கு மேல் சுழித்த கொம்போடு இருந்தால் பழைய வரிவடிவம். 1978இல் தமிழ்நாடு அரசு அதை மாற்றியது. மலையாளத்திலும் 1971இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. ஆனால் கவனம்: பெரியார் 1935லேயே குடி அரசில் புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். பழைய அச்சை மாற்றக் காசில்லாத பிரஸ்காரர் 1985லும் பழைய எழுத்தையே ஓட்டியிருப்பார். அதனால் எழுத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மற்ற சாட்சிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது யோசியுங்கள். சாலைக் கம்போளத்தில் ஒரு பாத்திரக்கடை. இரண்டாம் தலைமுறை முதலாளி. அவர் கொடுத்த பையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். பத்து வருடம் கழித்து அதே கடைப் பையில் மேலே மலையாளம் பெரிதாக, கீழே தமிழ் சின்னதாக. இன்னும் பத்து வருடம் கழித்து மலையாளமும் ஆங்கிலமும் மட்டும். மூன்று பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தக் குடும்பத்தின் கதையும் அந்தத் தெருவின் கதையும் தெரிந்துவிடும். யார் வாடிக்கையாளர், எந்த மொழியில் கூப்பிட்டால் வருவார், பிள்ளை எந்த மொழியில் படித்தான், எல்லாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்ற கட்டத்தில் ஒரு எண்தான் இருக்கும். எப்படி மாறியது என்று பைதான் சொல்லும். ஒரு பையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஆக்ரிக்குப் போட்டால் அந்தக் கதை போச்சு.

எதிர்க்கட்சி வாதங்கள்

"வீடு நிறையக் குப்பை சேர்ப்பது வியாதி." ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்வது ஒரு டின் அளவு. நம் எல்லார் வீட்டிலும் ஊசி நூல் போட்டு வைக்கிற அந்த நீல நிற டேனிஷ் பிஸ்கட் டின் இருக்கிறதே, அது போதும். அதற்கு மேல் சேர்ந்தால் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை வையுங்கள்.

"நெட்டில் நல்ல விலை போகும் என்கிறார்களே?" இங்கேதான் எனக்கும் மற்ற சேகரிப்பாளர்களுக்கும் சண்டை. சந்தை எப்போதும் சீவாத பென்சிலையும் பிரிக்காத பெட்டியையும் கேட்கும். எனக்குப் பாதி சீவியதுதான் வேண்டும். சீவாத பென்சில், யாருக்கும் கொடுக்காமல் கடையிலேயே கிடந்த பென்சில். பல் பதிந்த பென்சிலை ஒரு குழந்தை கணக்குப் போட்டுக் கடித்திருக்கிறது. விளம்பரம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்தப் பல் அடையாளம்தான் ரசீது. விலைக்கு ஆசைப்பட்டால் போலியும் கூடவே வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் விளம்பரப் பலகை தேடி அலைந்தவர்களைக் கேளுங்கள். துரு கூடப் புதுசாகச் செய்யத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணிலிருந்து வந்தது போலியாக இருக்காது. உங்களுக்கும் எனக்கும் இருக்கிற பெரிய வசதி அதுதான்.

"இதெல்லாம் அரசாங்கமும் மியூசியமும் செய்ய வேண்டிய வேலை." செய்தால் சந்தோஷம். பெங்களூர் கலை, புகைப்பட அருங்காட்சியகம் பழைய துணிக்கட்டு லேபிள்களைச் சேகரித்துக் கண்காட்சியே வைத்திருக்கிறது. ஆனால் அரசாங்கம் வருகிற வரை ஆக்ரிக்காரர் காத்திருக்க மாட்டார். நம் ஆட்களில் பெரிதாகச் செய்தவர் யார்? கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர். புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கசக்கிப் போட்டதையும் சேர்த்தார். 1992இல் அவர் போன பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து 1994இல் சென்னையில் அவர் பேரில் நூலகம் எழுந்தது. இன்று தமிழ்ச் சமூகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர் யாரும் அந்தப் படி ஏறாமல் எழுத முடியாது. பலகை எழுதுகிறவருக்குத் தாளின் மதிப்பு தெரிந்திருந்தது, பட்டம் வாங்கிய நமக்குத் தெரியவில்லை.

இலங்கை நண்பர்களைப் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்த வலி அவர்களுக்கு இருக்கிறது. 2005இல் தன்னார்வலர்கள் சேர்ந்து "நூலகம்" மின்னூலகத்தை ஆரம்பித்தார்கள். உலகெங்கும் சிதறிய குடும்பங்கள் தங்கள் பெட்டிகளில் கொண்டுபோன சிறு இதழ், நினைவு மலர், துண்டுப் பிரசுரம் எல்லாம் இன்று அங்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்து மில்க்வைற் சவர்க்காரக் கம்பெனி நடத்திய "மில்க்வைற் செய்தி" இதழ் கூட இருக்கிறது. ஒரு சோப்புக் கம்பெனியின் விளம்பரத் தாள் இன்று ஒரு சமூகத்தின் ஆவணம். புலம்பெயர்ந்தவர்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். எரிந்த பிறகு அவர்கள் செய்தார்கள். எரியாமலே நாம் இழந்துகொண்டிருக்கிறோம். நம் பரணைக் காலி பண்ணுவது நாமேதான்.

என்ன செய்யலாம்?

ரொம்ப இல்லை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது நாலு காரியம்.

ஒன்று, ஆக்ரிக்காரர் வருவதற்கு முன்னால் மேஜை டிராயரையும் தையல் மிஷின் டிராயரையும் காலி பண்ணுங்கள். பேர் அச்சடித்தது எதுவானாலும் டின்னுக்குள்.

இரண்டு, ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுத் தாள். இந்தக் கடை எங்கே இருந்தது, யார் வாங்கி வந்தது, அந்த முதலாளி என்ன பாஷை பேசுவார். அப்பாவும் அம்மாவும் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பென்சில் இன்னும் நூறு வருடம் இருக்கும். அது யார் கடை என்று சொல்லத் தெரிந்தவர் இருக்க மாட்டார். சாமானைவிடத் துண்டுத் தாள் முக்கியம், இதை மட்டும் மறக்காதீர்கள். பென்சிலால் எழுதினால் இன்னும் நல்லது, மை மாதிரி மங்காது, தண்ணீர் பட்டாலும் கலையாது!

மூன்று, துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள். ஈரத்துணி போட்டால் தங்க எழுத்து துணியோடு வந்துவிடும். காலண்டரை லாமினேஷன் பண்ணாதீர்கள். செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள், பென்சிலாக இருந்தால் உருட்டி உருட்டி எல்லா முகத்தையும்.

நான்கு, ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றை ஊரிலேயே விடுங்கள். திருவனந்தபுரத்தில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, பழைய பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. ஒரு கண்ணாடி அலமாரி வைக்க யாராவது முன்வந்தால் அதை நிரப்ப நம் பரண்கள் போதும். எல்லாவற்றையும் சூட்கேஸில் அள்ளிக்கொண்டு இங்கே வந்துவிட்டால், நமக்கும் அந்தக் காலத்துத் துரைமார்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஹென்றி பெட்ரோஸ்கி என்ற பொறியாளர் 1990இல் பென்சிலின் வரலாற்றை ஒரு தடிப் புத்தகமாக எழுதினார். எழுத்தாளர் தோரோவைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். தோரோ பென்சில் செய்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர், தானே பென்சில் செய்தவர். காட்டுப் பயணத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கூடாரம், தீப்பெட்டி, சோப்பு வரை ஒன்று விடாமல் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலில் பென்சில் இல்லை. கையிலேயே இருப்பது கண்ணில் படாது.

நம் வீட்டுப் பட்டியலிலும் அதேதான். நகை இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, அண்டா இருக்கிறது. அந்த அண்டாவை வாங்கிய கடையின் பேர் போட்ட பென்சில் மட்டும் இல்லை. அதையும் ஒரு வரி சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பி.கு: "இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களிடம் எத்தனை பென்சில் இருக்கிறது?" என்று வீட்டம்மா கேட்கிறார். டின் மூடி இன்னும் மூடுகிறது. அது போதும் :-)